நெல்லிக்கட்டை இறக்கியவள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உங்களில் பாதிப் பேர் என்னோடுதான் விட்டீர்கள். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். வாழைத்தார் சுமந்து பழகிய கைக்குப் பேனா நிற்கவில்லை. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். போன அசன விருந்தன்று வேதக்கோயில் பந்தலில் எல்லாரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும்போது, உங்களில் ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கிணற்றின் கதையைச் சொன்னார். ஒரு பொம்பளையின் கை பட்டுக் கிணறு உப்பாகிப் போனதாம். பிள்ளைகள் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பொம்பளை என் சித்தி. அவள் இப்போது இல்லை. நான் பாதி இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது ஊர் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. கால்வாய்க்குத் தெற்கே நாம்: மணலும் பனையும் ஓலை வீடுகளும். வடக்கே வாழைத்தோட்டம். கால்வாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் வடக்கே மட்டும்தான் திரும்பும். தெற்கே திரும்ப மடையே வைக்கவில்லை. பெயருக்கு நாம் தாமிரபரணிக் கரைக்காரர்கள், ஆற்றில் நமக்குப் பங்கு கிடையாது. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை, கோயில் முற்றத்துக் கிணறு இருந்ததால். பனையோலைப் பட்டையில் இறைத்துக் குனிந்து குடித்தால் ஓலை வாசமும் மணலின் குளிர்ச்சியும் சேர்ந்து இறங்கும். புன்னக்காயலிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க ஊருல மீனுக்குக் காசு வேண்டாம், ஒரு பட்டைத் தண்ணி தந்தாப் போதும்" என்பார்கள். குடித்துவிட்டுக் காசையும் வாங்கிக்கொள்வார்கள்.

வாழைத்தோட்டம் நம் சபையைச் சேர்ந்தவருடையதுதான். தோட்டத்து அண்ணாச்சி என்று சொல்வோம். குடும்பம் பாளையங்கோட்டையில். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வருவார். கோயிலில் நாமெல்லாம் பாயில் உட்காருவோம், அவருக்கு மட்டும் நாற்காலி. கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளைக் கண்டால் மட்டிப்பழம் கொடுப்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கால்வாய் மாசியிலேயே காய்ந்தது. அண்ணாச்சி தோட்டத்தின் தெற்கு ஓரத்தில், நம் கிணற்றுக்கு நேரே கால்வாயைத் தாண்டின இடத்தில், ஆழமாகக் குழாய் இறக்கி ஆயில் இன்ஜின் வைத்தார். நாமெல்லாம் வேடிக்கை பார்க்கப் போனோம், நினைவிருக்கிறதா? குழாய் வாயில் தண்ணீர் குதித்தபோது கோயில் உபதேசியார் நின்று ஜெபம் பண்ணினார். பெரியவர்கள் ஆமென் சொன்னார்கள். விடியலிலிருந்து இருட்டும் வரை அந்த இன்ஜின் தும் தும் என்று அடிக்கும். முதலில் காதுக்குத் தொந்தரவாக இருந்தது. பிறகு அது அடிப்பதே தெரியாமல் போயிற்று.

உப்பு முதலில் காப்பியில் தெரிந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"ஏளா, கருப்பட்டிக்குப் பதிலா உப்பையா போட்ட?"

"கருப்பட்டிதாம் போட்டேன். ஒங்க நாக்குலதாம் கோளாறு" என்றாள் அம்மா.

சித்தி வாங்கிக் குடித்துப் பார்த்தாள். "அத்தான், அக்கா அழுதுகிட்டே போட்டிருப்பா. கண்ணீரு விழுந்திருக்கும்" என்றாள்.

சித்தி அப்படித்தான். அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போய்விட்டதால் எங்களோடு இருந்தாள். கோயிலில் ராகம் தப்பி, ஆனால் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். லெந்து என்கிற தவக்காலத்தில் நம்மில் கல்யாணம் கிடையாது என்பதால், ஈஸ்டர் கழிந்ததும் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. மூன்று ஞாயிறு கோயிலில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசிக்க வேண்டும். மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் வாசித்தால்தான் தாலி.

லெந்து முடிவதற்குள் பருப்பு வேகாமல் போனது. சோப்பு நுரைக்கவில்லை. தலைக்குக் குளித்தால் முடி கயிறு மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்போது அம்மாவுக்குப் பேறுகாலம். பிறந்த தங்கச்சியை அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினதும் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. பனையில் பதநீர் தித்திப்பாக இறங்கிக்கொண்டிருந்தது, அதே மணலுக்குள் தண்ணீர் கரித்தது. மரத்துக்குக் கிடைப்பது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அப்பா தினமும் கேட்பார், யாரிடம் என்றில்லாமல்.

நல்ல தண்ணீர் இன்ஜின் கொட்டகையில் மட்டும்தான். அண்ணாச்சி இல்லை என்று சொல்லவில்லை. "தோட்டத்துல வேலைக்கு வாற வீட்டுக்கு ஒரு குடம்" என்றார். அதுவரை நம் பெண்கள் வாழை வேலைக்குப் போனதில்லை; பதநீர் காய்ச்சவே பகல் போதாது. இப்போது எல்லா வீட்டிலும் ஒருத்தி களையெடுக்கப் போனாள். காய்ச்ச ஆளில்லாமல் பதநீர் புளித்தது. அப்பா பாதிப் பனையை ஏறாமல் விட்டார். அண்ணாச்சிக்கோ நினைக்காத அளவுக்கு ஆள் கிடைத்தது. தரிசாகக் கிடந்த கிழக்குப் பொத்தை மேட்டடியையும் திருத்தி வாழைக் கன்று வைத்தார். அதற்கும் தண்ணீர் வேண்டும். இன்ஜின் விளக்கு வைத்த பிறகும் ஓட ஆரம்பித்தது. நம் கிணறு இன்னும் கரித்தது. இன்னொருத்தி வேலைக்குப் போனாள். இதை இப்போது வரிசையாக எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஒரு குடம் தண்ணீர் தந்த மகராசன் என்று அவருக்காகக் கோயிலில் ஜெபம் நடந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு சித்தியின் முதல் ஓலை. முந்தாணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அதே ஆராதனையில்தான் உபதேசியார் வனாந்தரத்துக் கசப்புத் தண்ணீரில் மரத்தைப் போட்டதும் இனிப்பான கதையைப் பிரசங்கம் பண்ணினார். நெல்லிக்கட்டை போட்டால் கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும் என்பது நம் ஆட்களுக்கு முன்பே தெரிந்ததுதான். இரண்டும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து அண்ணாச்சி தன் வரப்பில் நின்ற நெல்லி மரத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கட்டையை யார் இறக்குவது என்று பேச்சு வந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மைதான் சொன்னாள், "ஓலை வாசிச்ச பிள்ளை கையால எறக்குனா வெளங்கும்." இதை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சித்தியாகக் கேட்கவில்லை, ஊர் கூப்பிட்டுக் கொடுத்த மரியாதை.

மத்தியானம். தோல் சீவின நெல்லிக்கட்டை, உள்ளே இளஞ்சிவப்பாக, துவர்ப்பு வாசத்தோடு. கயிற்றைப் பிடித்துச் சித்தி பைய இறக்கினாள். உபதேசியார் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். கட்டை தண்ணீரைத் தொட்டதும் சித்தி என்னைப் பார்த்து, "ஏலே, கெணறு ஏப்பம் விடுது பாரு" என்று மெல்லச் சொன்னாள். எனக்கு ஜெபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்து, அப்பா மண்டையில் குட்டினார்.

தண்ணீர் மாறிற்று. உண்மையாகவே மாறிற்று. புதன்கிழமை வாக்கில் கரிப்புக் குறைந்தது. வெள்ளிக்கிழமை பருப்பு வெந்தது. பெண்கள் பட்டையில் மொண்டு மொண்டு குடித்தார்கள். அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குள் படுத்திருந்தால் கடல் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பெரிய பாயைச் சுருட்டி விரிக்கிற மாதிரி. ஊரே அதைப் பேசியது. "கடலே பின்வாங்கிப் போகுது, அந்த எரைச்சல்தாம்" என்று உபதேசியார் சொன்னார்.

கடல் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நெல்லிக்கட்டை இறக்கினதற்கு முந்தின நாள் இன்ஜினின் பிஸ்டன் உடைந்து, அதைக் கழற்றித் திருநெல்வேலிக்கு லாரியில் ஏற்றியிருந்தார்கள். சத்தம் நின்றதைக் கவனிக்காமல், சத்தம் நின்றதால் கேட்டதைக் கவனித்தோம். இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். காது தானாகக் கடலைத் தேடும்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு சித்திக்கு நல்ல நாள். வயதான பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மை ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கொடுத்தாள். ஓலை வாசித்த பெண் கோயிலுக்குத் தவிரத் தெருவைத் தாண்டக் கூடாது என்பது நம் வழக்கம். சித்தி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அந்தக் கருப்பட்டியை எனக்கும் தங்கச்சியின் தொட்டிலுக்கும் பங்கு வைத்தாள். தொட்டில் பங்கையும் நான்தான் தின்றேன்.

மறுநாள் லாரி திரும்பி வந்தது. பழையதைச் சரி செய்வதை விட நல்லது என்று அண்ணாச்சி பெரிய இன்ஜினாகவே வாங்கிவிட்டார்.

அந்த வாரம் கிணறு முன்பை விடக் கரித்தது. வாயில் வைக்க முடியவில்லை. தங்கச்சிக்குக் காய்ச்சல். அம்மா பச்சை உடம்புக்காரி, எழுந்திருக்க முடியாது. தண்ணீர் வேண்டுமென்றால் சித்திதான் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

"ஓலை வாசிச்சவ எப்படிட்டி போவ?" என்றாள் அம்மா.

"பிள்ளைக்கு நாக்கு வறளுது. அதுக்கு என் ஓலையவா கரைச்சு ஊத்த முடியும்?" என்று சித்தி குடத்தை எடுத்தாள்.

கைப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு, இன்ஜின் ஓட்டும் கொட்டகைக்காரர் அவளுக்கு இரண்டு குடம் கொடுத்தார். இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக அவள் கால்வாய் மேட்டில் ஏறி வந்ததை ஊரே பார்த்தது.

பேச்சு எதிர்வீட்டு வாசலில்தான் தொடங்கிற்று. எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

"எல்லாருக்கும் ஒரு குடம். அவளுக்கு மட்டும் ரெண்டு. எதுக்காம்?"

"அண்ணாச்சி கொட்டகைல என்ன களை இருக்கோ, இவ எடுக்கப் போறதுக்கு."

"கட்டைய எறக்குன கை சுத்தமா இருந்திருந்தா தித்திப்பு நின்னிருக்கும். கர்த்தரு ஒரு வாரம் காட்டிட்டு எடுத்துட்டாரு."

சித்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தாள். "மஞ்சள் வாசந்தாம் அடிக்கி" என்று என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா கல்யாணக் காரியம் பேச வந்தார். வெயிலில் கருத்து, பாதம் முழுக்க உப்பு வெடிப்பு. வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கை பட்டா உப்பு வெளையுதா? அந்தக் கை எங்க உப்புப் பாத்திக்குத்தாம் வேணும் வே! நாங்க வருசம் பூரா வெயில்ல நின்னு வாருதோம். இவ வந்தா சோலி ஈசி."

அப்பாவுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. அவருக்கு வேறு பயம் இல்லை, மூன்றாவது ஓலை வாசித்துவிட்டால் போதும் என்றிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வந்தார். பாயில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். சபையில் ஒருவன் ஒளித்து வைத்த பாவத்துக்காக எல்லாரும் அடிபடுவதைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாடி, நாளைக்கு ஆராதனைல எழும்பி ஒரு வார்த்தை பாவ அறிக்கை பண்ணிரு. சனம் அடங்கிரும். நான் ஓலைய வாசிச்சிருதேன்."

"என்னத்தய்யா அறிக்கை பண்ணணும்?"

"என்னமாவது. எங் கையாலதாம் கெணறு உப்பாச்சுன்னு சொல்லு, போதும்."

"அது பொய்லா ஐயா? கோயில்ல நின்னு பொய் சொல்லவா?"

"ஏட்டி, சொல்லிரேன்" என்றார் அப்பா. கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். "ஒரு வார்த்தைதான. வாய் வலிக்கவா போவுது?"

சித்தி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "செஞ்சிருந்தா சொல்லுவேன் அத்தான். செய்யலியே."

உபதேசியார் நல்லவர். போகும்போது வாசலில் நின்று எங்களுக்காக ஜெபம் பண்ணினார். தண்ணீர் கொடுத்தோம், ஒரு வாயோடு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஒரு ஜோடியின் ஓலையை வாசித்தார். அதன்பின் சித்தியைப் பார்த்தார். பெண்கள் பக்கம் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழும்பவில்லை. இன்ஜின் சத்தம் கோயிலுக்குள் கேட்டது. உபதேசியார் பாட்டு எண்ணைச் சொன்னார். அவ்வளவுதான். யாரும் தடை சொல்லவில்லை, யாரும் திட்டவில்லை. சித்தி எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினாள், ராகம் தப்பி.

மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு தடவை வந்தார். இந்தத் தடவை பாதம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். "நான் உப்புக்குப் பயந்தவன் இல்ல வே. ஆனா சபை வாசிக்காத ஓலைக்கு எங்கன போயித் தாலி கட்ட?" என்றார். கிணற்றுத் தண்ணீர்தான் அன்றைக்கு வீட்டில் இருந்தது. செம்பை எடுத்து முகம் சுளிக்காமல் கடைசிவரை குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று சித்தியிடம் யாரும் சொல்லவில்லை. அவள் வந்தால் மற்றவர்கள் பட்டையை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அவள் போனபின் ஒரு பட்டை இறைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு மொள்ளுவார்கள். குடிக்கவே முடியாத தண்ணீருக்கு அந்தச் சுத்தம். சில மாதம் பார்த்துவிட்டு அவள் தோட்டத்து வேலையிலேயே நின்றுகொண்டாள். கரண்ட் வந்ததும் அண்ணாச்சி இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தார். சுவிட்ச் போடுவதற்கு ஆண் கூலி எதற்கு என்று சித்தியை வைத்துக்கொண்டார். கொட்டகையில் தங்க ஒரு மூலையும் கொடுத்தார். பார்த்தீர்களா, நாம் சொன்னது சரிதான் என்று ஊர் சொல்லிற்று.

எனக்கு மீசை முளைத்து, அதே தோட்டத்தில் தார் சுமக்கப் போன பிறகு, ஒரு மத்தியானம் கொட்டகை நிழலில் அவள் எனக்குச் சோறு போட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. இது நின்னா நம்ம கெணத்துல கரிப்புக் கொறையுது. ஓடுனா ஏறுது. நான் ரெண்டு வருசமாப் பாக்கேன்" என்றாள்.

நெல்லிக்கட்டையும் உடைந்த பிஸ்டனும் அப்போதுதான் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

"பொறவு எதுக்கு சித்தி சுவிட்ச போடுத?"

"போடலேன்னா ஒங்கம்மை எந்தத் தண்ணியக் குடிப்பா?" என்றாள். "அண்ணாச்சிட்டயும் சொன்னேன். சுவிட்ச போடுதவளுக்குச் சாத்திரம் எதுக்குன்னு கேட்டாவ."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வடக்கே மற்றவர்களும் மோட்டார் வைத்தார்கள். உப்பு கால்வாயைத் தாண்டிப் போயிற்று. வாழை இலை ஓரம் கருகிற்று. அண்ணாச்சி தோட்டத்தை இறால் பண்ணைக்கு விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையோடு இருந்துவிட்டார். அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. நமக்கு லாரித் தண்ணீர் வந்தது. வரிசையில் நின்று வாங்குகிறோம். இதிலும் முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று நமக்குள் ஒரு கணக்கு உண்டு. சித்தி எப்போதும் கடைசியில் நின்றாள்.

இனி எழுதப்போவது நீங்களும் இருந்து பார்த்தது. அவள் இறப்பதற்கு முந்தின வருஷம், அறுப்பின் பண்டிகை. சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று இப்போதைய உபதேசியார் கேட்டார். சின்ன வயது, நம் ஊருக்குப் புதியவர். பெண்கள் பக்கத்தில் சித்தி தரையில் கையூன்றி எழும்பினாள். நரைத்த தலை. முந்தாணையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்த ஊருக் கெணத்த உப்பாக்குனது நாந்தாம்" என்றாள். "தெனமும் விடியக்காலம் மோட்டார் சுவிட்சப் போட்டது எங் கைதாம். முன்னால ஒரு தடவ கேட்டாவ. அன்னைக்கு அது பொய்யி, அதனால சொல்லல. இப்ப நெசம். சொல்லிட்டேன்."

பாதிப் பேருக்கு முதல் வரி மட்டும்தான் காதில் விழுந்தது. அவளே ஒத்துக்கொண்டாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். உபதேசியார் ஆமென் என்று சொல்லி, அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவள் உட்காரவில்லை.

"மூணாவது ஓலைய வாசிங்கய்யா" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். அந்த உபதேசியார்ப் பையன் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தான். "எந்த ஓலைம்மா?" என்று மரியாதையாகக் கேட்டான். அவள் நின்றபடியே ஆண்கள் பக்கம் பார்த்தாள். அவன் நம் பக்கம் திரும்பி, வயதானவர்களாக இருக்கிற நம் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நாம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி இருபத்திரண்டு, சனிக்கிழமை.